சோலின்ட்ராவுக்குக் கொடுத்த கடன்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். அமெரிக்க அரசின் 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தைப் பெற்ற சோலின்ட்ரா என்ற சோலார் பேனல் நிறுவனம் இரண்டே ஆண்டில் திவாலானது எப்படி. அதில் ஊழல் நடந்ததா. இந்தியாவில் சோலார் ஆலைகளுக்கு அரசு இப்போது செய்யும் உதவியும் அங்கேதான் போய் முடியுமா. வங்கியொன்றில் திட்டக் கடன் விண்ணப்பங்களைப் படிப்பதே பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தோடு இந்த விவகாரத்தைப் பார்க்கும்போது, தொழில்நுட்பத்துக்கும் சீனாவுக்கும் முன்பாக என் கண்ணில் படுவது பணம் கொடுக்கப்பட்ட விதம்தான். பங்கு போட்டவர் ஏற்க வேண்டிய ஆபத்தை அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அதற்குக் கைமாறாகக் கடன் கொடுத்தவருக்குரிய வட்டியை மட்டும் கேட்டது.

சோலின்ட்ரா 2005-இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர் கிறிஸ் க்ரோனெட், சிப் தயாரிப்பு இயந்திரங்கள் செய்யும் துறையிலிருந்து வந்தவர். அவர்கள் செய்த பொருளை முதன்முறை பார்ப்பவருக்கு அது சோலார் பேனல் என்றே தோன்றாது. நாற்பது ட்யூப்லைட்டுகளை இடைவெளி விட்டு ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அங்குல விட்டமுள்ள கண்ணாடிக் குழல். அதற்குள் இன்னொரு குழல். அந்த உட்குழலின் மேற்பரப்பில்தான் செம்பு, இண்டியம், காலியம், செலினியம் கலந்த மெல்லிய படலம் பூசப்பட்டிருக்கும். இரு குழல்களுக்கும் நடுவே ஒளியை உட்குழலுக்குச் சேர்க்கும் திரவம் நிரப்பி, முனைகளை ஈரம் புகாதபடி உலோகத்தால் அடைத்திருப்பார்கள். வெயில் எந்தக் கோணத்தில் வந்தாலும் வட்டக் குழலின் ஏதோ ஒரு பக்கம் அதை நேராக வாங்கிக்கொள்ளும். இடைவெளி வழியே கீழே விழும் ஒளி வெள்ளை அடித்த கூரையில் பட்டுத் திரும்பி, குழலின் அடிப்பக்கத்துக்கும் வரும்.

மொட்டை மாடியில் சோலார் போட்டவர்களுக்கு இதன் கவர்ச்சி உடனே புரியும். சாதாரணப் பேனலைச் சாய்த்து வைக்க ஸ்டாண்டு வேண்டும். காற்று தூக்கிவிடாமல் இருக்கத் தளத்தில் துளையிட்டு போல்ட் முடுக்க வேண்டும், அல்லது காங்கிரீட் கட்டைகளை எடையாக வைக்க வேண்டும். சோலின்ட்ராவின் பேனலில் காற்று குழல்களுக்கிடையே புகுந்து போய்விடும் என்பதால் இவை எதுவும் தேவையில்லை. தட்டையாகக் கூரைமேல் வைத்து இணைத்தால் வேலை முடிந்தது. பெரிய கிடங்குகள், கடைகள் ஆகியவற்றின் கூரைகளே அவர்கள் குறிவைத்த சந்தை. பொறியியல் நோக்கில் இது அழகான யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பின்னாளில் அதைக் கேலிப்பொருளாக்கியவர்களில் பலர் அந்தப் பேனலைப் பார்த்திருப்பார்களா என்பதே ஐயம்.

ஆனால் அந்த அழகு ஒரு விலை நிலவரத்தை நம்பியிருந்தது. சோலார் செல்லுக்கு மூலப்பொருளான பாலிசிலிக்கான் 2008-இல் கடும் தட்டுப்பாட்டில் இருந்தது. உடனடிச் சந்தையில் கிலோ 400 டாலருக்கு மேல் போனது. சிலிக்கானே இல்லாமல் பேனல் செய்யும் எவருக்கும் அது பொற்காலமாகத் தெரிந்தது. விலை ஏறினால் புதிய ஆலைகள் எழும், எழுந்தால் விலை விழும் என்பது எந்தச் சரக்குச் சந்தையிலும் நடப்பதுதான். இங்கே வீழ்ச்சி மிக வேகமாக வந்தது. 2011 இறுதியில் அதே சிலிக்கான் கிலோ 30 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. வாட்டுக்கு 4 டாலர் அளவில் விற்ற சாதாரணப் பேனல் அதே காலத்தில் ஒரு டாலரை நெருங்கியது. வாட்டுக்கு 3 டாலர் சரிந்த இடத்தில், ஸ்டாண்டிலும் கூலியிலும் மிச்சமாகும் சில்லறை எந்த மூலைக்குக் காணும்? மேலும், குழல்களுக்கிடையே இடைவெளி விட்டதால் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைத்த வாட் அளவும் சிலிக்கான் பேனலைவிடக் குறைவு. சீன வங்கிகள் தங்கள் நாட்டு நிறுவனங்களுக்குக் கொட்டிக் கொடுத்த கடன் இந்தச் சரிவைத் தீவிரமாக்கியது உண்மை. ஐரோப்பிய நாடுகள் சூரிய மின்சாரத்துக்கான ஊக்கத் தொகையைக் குறைத்ததும் உண்மை. இருந்தாலும் சோலின்ட்ராவைத் தோற்கடித்தது சீனா மட்டும்தான் என்று சொல்ல முடியாது. அரிசோனாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபர்ஸ்ட் சோலாரும் சிலிக்கான் இல்லாத மெல்லிய படலப் பேனல்தான் செய்கிறது. ஆனால் தட்டைக் கண்ணாடியில் செய்கிறது. வாட்டுக்குத் தன் தயாரிப்புச் செலவு 98 சென்ட் ஆகிவிட்டது என்று அது அறிவித்தது 2009 பிப்ரவரியில். அந்த ஆண்டு சோலின்ட்ரா தன் பேனலை வாட்டுக்கு 3 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. அப்படி விற்றும் அடக்கச் செலவு தேறவில்லை.

அரசின் பணம் உள்ளே வந்த கதைக்கு வருகிறேன். இந்தக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒபாமா காலத்தில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் சட்டம் 2005-இல், புஷ் ஆட்சியில் வந்தது. சோலின்ட்ரா விண்ணப்பித்ததும் முழு விண்ணப்பத்துக்குத் தேர்வானதும் அந்த ஆட்சியில்தான். 2009 ஜனவரியில், ஆட்சி மாறச் சில நாட்களே இருந்தபோது, எரிசக்தித் துறையின் கடன் குழு அந்த விண்ணப்பம் இன்னும் பக்குவப்படவில்லை என்று கூறி, கூடுதல் ஆய்வுக்குத் திருப்பியனுப்பியது. பிப்ரவரியில் பொருளாதார மீட்புச் சட்டம் வந்தது. கடன் திரும்பாமல் போகும் ஆபத்துக்காக அதுவரை கடன் வாங்குபவரே கட்ட வேண்டியிருந்த இடர்க் கட்டணத்தை அரசே ஏற்கும் புதிய பிரிவு அதில் சேர்க்கப்பட்டது. மார்ச்சில் சோலின்ட்ராவுக்கு நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல், செப்டம்பரில் கையெழுத்து. அந்தத் திட்டத்தில் உத்தரவாதம் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. 73.3 கோடி டாலரில் கட்டவிருந்த இரண்டாவது ஆலைக்கு 53.5 கோடி கடன், மீதி 19.8 கோடி முதலீட்டாளர்களின் பங்கு. பெயரளவில்தான் உத்தரவாதம், கடன் கொடுத்ததும் அமெரிக்கக் கருவூலத்தைச் சேர்ந்த ஃபெடரல் ஃபைனான்சிங் பேங்க் என்பதால், பணம் முழுவதும் அரசுடையது.

நூற்றுக்கு எழுபத்து மூன்று பங்கு கடன் என்ற விகிதத்தைப் பார்த்தவுடனே எனக்குப் புருவம் உயர்ந்தது. நிலையான வருமானம் எழுதி வைக்கப்பட்ட மின்நிலையத்துக்கு அது சரிப்படும். இதுவரை ஒரு காசு லாபம் காட்டாத, உலகத்தில் வேறெவரும் செய்யாத ஒரு பொருளைச் செய்யும் ஆலைக்கு அவ்வளவு கடன் கொடுக்க நான் பார்த்த எந்தக் கடன் குழுவும் சம்மதித்திருக்காது. அதைவிட வியப்பான செய்தி பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்த ஒரு மின்னஞ்சலில் இருக்கிறது. 2009 ஆகஸ்டில், அதாவது கையெழுத்துக்கு முன்பே, கணக்கு மாதிரியை ஓட்டிப் பார்த்த துறை அலுவலர் ஒருவர், எந்த நெருக்கடியையும் சேர்க்காத அடிப்படைக் கணக்கிலேயே 2011 செப்டம்பரில் கையிருப்புப் பணம் தீர்ந்துவிடுகிறது என்றும், நடைமுறை மூலதனச் சிக்கல், அதாவது அன்றாடச் செலவுக்கான பணச் சிக்கல், தீர்க்கப்படவில்லை என்றும் எழுதியிருந்தார். நிறுவனம் திவால் மனு கொடுத்தது 2011 செப்டம்பர் 6-ஆம் தேதி. அந்த அலுவலர் ஜோசியம் பார்க்கவில்லை. வரவையும் செலவையும் மாதவாரியாகக் கூட்டிக் கழித்தார், அவ்வளவுதான். அதே வாரங்களில், துணை அதிபர் பைடன் காணொளி வழியாகவும் எரிசக்தித் துறைச் செயலர் ஸ்டீவன் சூ நேரிலும் கலந்துகொள்ளவிருந்த அடிக்கல் விழாவுக்குத் தேதி குறிக்கப்பட்டிருந்தது. இந்த அவசரம் முறையல்ல என்று வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலக ஊழியர்கள் முணுமுணுத்ததும் மின்னஞ்சல்களாகப் பதிவாகியுள்ளது. விழாத் தேதிக்குள் கோப்பை முடி என்று மேலிடம் கேட்பது எப்படியிருக்கும் என்பதை நம் ஊர் வங்கி அதிகாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2010 மார்ச்சில், பங்குச் சந்தை வெளியீட்டுக்காகக் கணக்குகளைத் தணிக்கை செய்த ப்ரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ், தொடக்கம் முதல் திரண்ட நட்டம் ஏறத்தாழ 55.8 கோடி டாலர் என்றும், நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் இருக்கிறது என்றும் குறிப்பு எழுதியது. தணிக்கையாளர் இந்தச் சொற்றொடரை எளிதில் எழுதமாட்டார். எழுதினால் கடன் கொடுத்தவர் அன்றிரவு தூங்கக் கூடாது. மே 26 அன்று அதிபர் ஒபாமா அந்த ஆலைக்கே வந்து, நாட்டின் எதிர்காலத் தொழிலுக்கு அதை எடுத்துக்காட்டாகப் புகழ்ந்தார். ஜூனில் பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. நவம்பரில் பழைய ஆலையை மூடும் அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பை நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல் முடியும்வரை தள்ளிவைக்கும்படி எரிசக்தித் துறை வற்புறுத்தியது என்று முதலீட்டாளர் தரப்பு மின்னஞ்சல் ஒன்று சொல்கிறது. டிசம்பரில், இருப்பு நிதியில் செலுத்த வேண்டிய 50 லட்சம் டாலரை நிறுவனம் செலுத்தவில்லை. கடன் மொழியில் அது தவணை தவறியதற்குச் சமம்.

என் மதிப்பீட்டில், முதல் தவற்றைவிடப் பெரிய தவறு இதற்குப் பின்னால்தான் நடந்தது. 2011 பிப்ரவரியில் கடன் மறுசீரமைக்கப்பட்டது. தனியார் முதலீட்டாளர்கள் புதிதாக 7.5 கோடி டாலர் போட்டார்கள். கம்பெனி கவிழ்ந்தால் விற்று வரும் பணத்தில் அந்த 7.5 கோடிக்கே முதலிடம், அரசுக்கு அதன் பிறகு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. உத்தரவாதம் பெறும் கடன் வேறெந்தக் கடனுக்கும் பின்னால் நிற்கக் கூடாது என்று 2005 சட்டம் சொல்கிறது. அந்த விதி உத்தரவாதம் கொடுக்கும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும், பிறகு செய்யும் மாற்றங்களுக்குப் பொருந்தாது என்று துறையின் சட்டப் பிரிவு ஒரு விளக்கம் கொடுத்தது. மூழ்கும் கம்பெனிக்குப் புதுப்பணம் போடுகிறவர் முதலிடம் கேட்பது சந்தையில் வழக்கம்தான். ஆனால் அப்படி விட்டுக்கொடுப்பதற்கு முன், இன்றே கதவை அடைத்துச் சொத்தை விற்றால் நமக்கு எவ்வளவு தேறும், ஆறு மாதம் கழித்து விற்றால் எவ்வளவு தேறும் என்ற கணக்கைப் போட்டாக வேண்டும். உடனே கலைப்பதுதான் நட்டத்தைக் குறைக்கும் என்று பட்ஜெட் அலுவலகத்தில் சிலர் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆலை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்துவதா என்ற எண்ணம் அந்தக் கணக்கை வென்றது. விட்ட பணத்தைப் பிடிக்க இன்னும் பணம் விடுவது சீட்டாட்டத்தில் மட்டும் நடப்பதில்லை.

2011 ஆகஸ்ட் 31 காலை வேலைக்கு வந்த ஊழியர்களில் பலர் வாசலிலேயே செய்தியைத் தெரிந்துகொண்டார்கள். ஏறத்தாழ 1,100 பேர் வேலை இழந்தார்கள். சட்டப்படி தர வேண்டிய அறுபது நாள் முன்னறிவிப்பு தரப்படவில்லை என்று அவர்கள் வழக்குத் தொடுத்து, அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. செப்டம்பர் 8 அன்று எஃப்.பி.ஐ. அலுவலர்கள் ஆலையைச் சோதனையிட்டார்கள். 23-ஆம் தேதி நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த தலைமை நிர்வாகி பிரையன் ஹாரிசனும் நிதி அதிகாரி பில் ஸ்டோவரும் தங்களுக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்லாமலிருக்கும் உரிமையைப் பயன்படுத்தி, எந்தக் கேள்விக்கும் விடை தரவில்லை. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட மிட் ராம்னி அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று பேட்டி கொடுத்தார்.

ஊழலா என்ற உங்கள் கேள்விக்கு என் விடை: குற்றவியல் பொருளில் அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. முதன்மை முதலீட்டாளரான ஆர்கோனாட் நிறுவனம் ஜார்ஜ் கெய்சரின் குடும்ப அறக்கட்டளையோடு தொடர்புடையது. கெய்சர் ஒபாமாவின் தேர்தலுக்கு நிதி திரட்டிக் கொடுத்தவர். இதனால் எழுந்த சந்தேகம் நியாயமானதே. ஆனால் அவருக்காகக் கடன் கொடுக்கப்பட்டது என்பதற்கு விசாரணைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. தனியார் முதலீட்டாளர்கள் சேர்ந்து ஏறத்தாழ 100 கோடி டாலரை இழந்தார்கள் என்பதையும், எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியை ஆதரித்துவந்த, வால்மார்ட் கடைகளின் வால்டன் குடும்பத்தோடு தொடர்புடைய முதலீட்டு நிறுவனமும் அவர்களில் ஒன்று என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எரிசக்தித் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் 2015 ஆகஸ்டில் தந்த அறிக்கை இரு தரப்பையும் சாடியது. நீண்டகால விற்பனை ஒப்பந்தங்கள் உறுதியாக இருக்கின்றன என்று நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையில் பெரிய வாடிக்கையாளர்கள் விலையைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். துறை அதைத் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. யார் மீதும் குற்றவழக்குப் பதியப்படவில்லை. பொய் சொன்ன விண்ணப்பதாரர், அதைச் சரிபார்க்க விரும்பாத கடன் அதிகாரி, தேதி குறித்த மேலிடம்: இந்த மூவரும் சேர்ந்தால் லஞ்சம் கைமாறாமலே கடன் வாராக்கடன் ஆகிவிடும்.

ஈடு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்திரிகைகள் இதை அதிகம் கவனிக்கவில்லை. ஆலையின் இயந்திரங்கள் குழல்களுக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்டவை. தட்டைக் கண்ணாடியில் பூசும் இயந்திரம் என்றால் இன்னொரு நிறுவனம் வாங்கும். குழலைச் சுழற்றிச் சுழற்றிப் பூசும் இயந்திரத்தை யார் வாங்குவார்கள்? பொதுவான கருவிகள் ஏலத்தில் போயின. கட்டடத்தை ஹார்ட் டிஸ்க் செய்யும் சீகேட் நிறுவனம் 9 கோடி டாலர் அளவுக்கு வாங்கியது. அரசு விடுவித்திருந்த 52.8 கோடியில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. பயன்படாத கண்ணாடிக் குழல்கள் லட்சக்கணக்கில் மிஞ்சி, அவற்றில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. 1,368 குழல்களை மட்டும் வாங்கி, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் 2012-இல் ஒரு சிறிய மரக்குகை கட்டினார்கள். சுவர்களில் துளையிட்டுக் குழல்களைச் செருகியிருந்தார்கள், அவற்றின் வழியே நீலநிற ஒளி உள்ளே வரும்.

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். எரிசக்தித் துறையின் அதே கடன் அலுவலகம் கொடுத்த மற்றக் கடன்களைச் சேர்த்துப் பார்த்தால் படம் மாறுகிறது. 2014 செப்டம்பர் வரையிலான கணக்கின்படி, அந்த அலுவலகத்தின் மொத்த நட்டம் 78 கோடி டாலர். வசூலான வட்டி 81 கோடி டாலர். நட்டத்தில் பெரும்பங்கு சோலின்ட்ராவுடையது. அபவுண்ட் சோலார், ஃபிஸ்கர் கார் நிறுவனம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. கவனித்தால், மூழ்கியவற்றில் முக்கியமானவை பொருள் செய்யும் ஆலைகள். அதே அலுவலகம் அரிசோனாவின் அகுவா காலியென்டே போன்ற பெரிய சூரிய மின்நிலையங்களுக்குக் கொடுத்த கடன்கள் தாக்குப்பிடித்தன. மின்நிலையத்துக்கு மின்சாரத்தின் விலை நீண்டகால ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பேனல் விலை சரிந்தால் அதன் கட்டுமானச் செலவு குறையும். பேனல் ஆலைக்கு அதே சரிவு மரண அடி. ஒரே விலைச் சரிவு ஒருவர் கடனைப் பாதுகாப்பாக்கியது, இன்னொருவர் கடனை அழித்தது. ஆக, ஆலைக்குப் பணம் கொடுப்பவர் பங்கு வாங்கியிருக்க வேண்டும். வென்றால் பன்மடங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் தோல்விகளைத் தாங்க முடியும். டெஸ்லா அதே அலுவலகத்திடம் வாங்கிய 46.5 கோடி டாலர் கடனை 2013 மே மாதத்தில், ஒன்பது ஆண்டுகள் முன்கூட்டியே, வட்டியோடு கட்டி முடித்தது. அதன்பின் அந்தக் கம்பெனியின் மதிப்பு எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும்; ஏறிய மதிப்பில் கருவூலத்துக்குப் பங்கில்லை. தோற்றவனின் நட்டம் முழுவதும் அரசுக்கு, வென்றவனிடமிருந்து வட்டி மட்டும் என்றால் எந்தக் கணக்கும் நெடுநாள் ஓடாது.

இந்தியாவைப் பொறுத்தவரை, ஒப்பீடு பாதிதான் பொருந்தும். சோலார் பேனல் ஆலைகளுக்கான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2021-இல் 4,500 கோடி ரூபாயும், 2022-இல் 19,500 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. இது கடன் அன்று. ஆலை கட்டி, பேனல் செய்து, விற்ற பிறகுதான் பணம் வரும். ஓடாத ஆலைக்கு ஊக்கத்தொகை கிடையாது என்பதால் சோலின்ட்ரா வகை இழப்பு இந்த வாய்க்காலில் வராது. நான் மேலே குறிப்பிட்ட ஃபர்ஸ்ட் சோலார் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கட்டிய, 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஆலையும் இத்திட்டத்தில் தேர்வானதே. அந்த ஆலைக்கு அமெரிக்க அரசின் இன்னொரு நிதி நிறுவனம் 50 கோடி டாலர் வரை கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. தொகையைப் பார்த்தால் சோலின்ட்ராவின் கடனுக்கு அருகில் வருகிறது. ஆனால் இந்தமுறை கடன் வாங்கியவர் அதே பொருளைப் பல ஆண்டுகள் செய்து, விற்று, லாபமும் காட்டிய நிறுவனம்.

எனக்குக் கவலை இருப்பது வேறிடத்தில். நம் நாட்டுப் பேனல் ஆலைகளின் விற்பனை விலை 2022 ஏப்ரலில் விதிக்கப்பட்ட 40 சதவீத இறக்குமதி வரியையும், அரசுத் திட்டங்களில் அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுப் பேனல்களையே போட வேண்டும் என்ற விதியையும் நம்பி நிற்கிறது. 2008-இல் சிலிக்கான் விலை சோலின்ட்ராவுக்கு எப்படியோ, இவர்களுக்கு இந்த வரி அப்படி. இந்த ஆலைகளை நம்பிக் கடன் கொடுத்திருப்பவர்களின் கோப்புகளில், அந்த வரி இல்லாமல் போட்டுப் பார்த்த ஒரு வரவு செலவுக் கணக்கும் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.